ரிங் ஸ்பேனர் சொன்ன குறை

பெண் பார்க்க வந்த அன்று மணிகண்டராஜ் பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட, வாசலில் நின்ற புல்லட்டைப் பார்த்த நேரம்தான் அதிகம். காரியாபட்டியில் அதை இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தட்டு மாற்றிய கையோடு பெண்ணின் அப்பா ஊர்க்காவலன் சொன்னதும் அதைத்தான். "ஏன் மாப்ளே, பொண்ணோட சேத்து வண்டியையும் ஓட்டிட்டுப் போயிருங்க. ரெண்டையும் நல்லாப் பாத்துக்கிடுவீகன்னு தெரியுது."

அந்த ஊர்க்காவலனும் அவர் மகள் சொர்ணலட்சுமியும் இப்போது சிவகாசி பஸ்ஸில் இருந்தார்கள். ஆடிக்கு அழைத்து வந்த புதுப்பெண்ணை, ஆவணி பிறந்ததும் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுகிற பயணம். அவர் மடியில் பழத்தட்டும் காலடியில் இரண்டு பைகளும் இருந்தன.

சொர்ணலட்சுமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். பையைத் தூக்கி மடியில் வைத்தாள், திரும்பக் கீழே வைத்தாள்.

"என்ன தாயி, எறும்புப் புத்து மேல உக்காந்த மாதிரி நெளியுத?"

"ஒண்ணுமில்லப்பா. வெக்கை."

"இன்னைக்கு நம்ம வண்டிய ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஊருக்குத் திரும்பணும். அது சத்தத்தைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!"

திருத்தங்கல் தாண்டியிருந்தது.  அப்பா சீராகக் கொடுத்த அந்த புல்லட் இப்போது பழைய உருவில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியாது, புருஷனுக்கும் தெரியாது.

அவள் ஊருக்குப் போன மறுநாளே மணிகண்டராஜ் புல்லட்டைத் தன் அப்பாவின் அச்சகத்துக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் ஏற்றி, வெட்ட ஆரம்பித்திருந்தான். 'கஃபே ரேஸர்' என்று பெயர். அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பையன்கள் வண்டியில் வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, ஒரே ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கடையில் காபி குடித்துவிட்டு அடுத்த கடை வரைக்கும் பந்தயம் விடுவார்களாம். பழைய வண்டிகளை அந்த மாதிரி மாற்றிக் கட்டுகிறவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். இன்டர்நெட்டில் ஓர் இடத்தில் கூடிப் படம் போடுகிறார்கள். ஒருவர் வண்டியை ஒருவர் மெச்சுகிறார்கள், கிழிக்கிறார்கள். அந்த இடத்தைச் சொர்ணலட்சுமிக்குக் காட்டியதே மணிகண்டராஜ்தான். கல்யாணமான புதிதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, "இதப் பாரேன், இதப் பாரேன்" என்று படம் படமாகக் காட்டினான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆடியில் ஒருநாள், வங்கிப் பரீட்சை முடிவு பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் அந்த இடத்தைத் திறந்தாள். 'சிவகாசி ரேஸர்' என்ற பெயரில் ஒருவன் ஒரு புது வண்டியின் படம் போட்டிருந்தான். டேங்கின் இடது பக்கத்தில் ஒரு சின்ன நசுங்கல். காரியாபட்டி சந்தையில் மாட்டு வண்டி இடித்து விழுந்த நசுங்கல் அது. அவள்தான் அன்றைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

ஆமாம், ஓட்டுவாள். அப்பாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வளர்ந்த பிள்ளை. அந்த புல்லட்டின் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியது பாதி நாள் அவள்தான். "பொண்ணு பாக்க வாரவுக முன்னால புல்லட் ஓட்டுவேன்னு சொல்லிக்கிட்டு நிக்காத" என்று அம்மா வாயைக் கட்டியிருந்தாள். அந்தக் கட்டு கல்யாணத்துக்குப் பிறகும் அவிழவில்லை. ஐந்து மாதம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படத்தைப் பார்த்ததும் முதலில் அழுகை வந்தது. பிறகு, கோபம். கோபம் தணிந்த பிறகு அவள் கண் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. வெல்டிங் சுத்தமாக இருந்தது. டேங்கின் கோடும் சீட்டின் கோடும் சேரவில்லை.

மற்றவர்கள் எல்லாம் "சூப்பர் மச்சி" என்று எழுதியிருந்தார்கள். அவள் 'ரிங் ஸ்பேனர்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள். "ஓடுகிற வண்டி மாதிரி இருக்க வேண்டியது, அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் உள்ள கூம்பைக் குறையுங்கள்."

"நீ எத்தனை வண்டி செஞ்சிருக்க?" என்று சீறினான் சிவகாசி ரேஸர்.

"ஒன்றுகூட இல்லை. கண் இருக்கிறது."

அடுத்த முறை போனபோது கூம்பு குறைந்த புதுப் படம் இருந்தது. கீழே ஒரே வார்த்தை. "இப்போ?"

அப்படித்தான் தொடங்கியது. அவன் செய்வான், அவள் குறை சொல்வாள். அவன் சண்டை போடுவான், பிறகு மாற்றுவான். வீட்டுக்கு போன் செய்தால் "சாப்பிட்டியா, அத்தை நல்லாருக்காகளா" என்று இரண்டு கேள்வியோடு முடித்துவிடுகிறவன், ரிங் ஸ்பேனரிடம் பக்கம் பக்கமாக எழுதினான். பெங்களூரில் ஒரு கண்காட்சிக்கு அவன் வண்டியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தச் செய்தியைக்கூட ரிங் ஸ்பேனருக்குத்தான் முதலில் சொன்னான்.

"ஒரு ஆள் சீட்டு மட்டும் வச்சிருக்கீங்களே, வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"மனைவி இருக்கா. நல்ல பொண்ணு. ஆனா அவளுக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாது. உங்ககிட்டப் பேசற மாதிரி அவகிட்டப் பேச முடியாது."

அந்த வரி அவளுக்குள் இன்னும் அப்படியே கிடந்தது. அதில் அவமானப்படுவதா, பெருமைப்படுவதா என்றே அவளுக்கு விளங்கவில்லை.

* * *

மணிகண்டராஜின் அப்பா வெள்ளைத்துரை வாசலுக்கே வந்து வரவேற்றார். சிவகாசியில் இருபது வருஷமாகப் பட்டாசு லேபிள் அடிக்கிறவர். வாய் நிறையச் சிரித்தார். ஆனால் கண் மட்டும் சம்பந்தியின் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தது.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. வாம்மா. பஸ்ஸுல எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது, கெடச்சுது. மாப்ள எங்க?"

"லேபிள் ப்ரூஃப் காட்டணும்னு விஸ்வநத்தம் வரைக்கும் போயிருக்கான். சீசன் பாத்தீகளா, மூச்சு விட நேரமில்ல."

"நம்ம வண்டியிலயா?"

வெள்ளைத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல உக்காருங்க. ஏ பொன்னுத்தங்கம், காப்பி என்னாச்சு?"

சொர்ணலட்சுமி பையை அறையில் வைத்துவிட்டு, அச்சகத்தைக் கடந்து பின்னால் போனாள். மிஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஷெட்டில் லேபிள் கட்டுகளுக்கு நடுவே வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. சுவரோரம் பின் மட்கார்டு, நீள சீட்டு, பழைய சைலன்சர். சைலன்சரை மட்டும் எண்ணெய் பூசி, கழிவு லேபிள் தாளில் சுற்றி வைத்திருந்தான்.

அப்படியானால் இப்போது, சைலன்சருக்குப் பதிலாக மாட்டப்போவதாக எழுதியிருந்த அந்த வெறுங்குழாயோடுதான் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். விஸ்வநத்தத்துக்கு. பட்டாசு செய்கிற ஆபீஸ் வாசலுக்கு.



"இங்கனதான் வந்து நிப்பேன்னு நெனச்சேன்" என்று பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. பொன்னுத்தங்கம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அவன் ஒங்கிட்டச் சொன்னானா இல்லையா?"

"என்னத்த அத்தை?"

"அப்பச் சொல்லல. அய்யோ, நான் தலபாடா அடிச்சேன். புள்ள வரட்டும், ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டுன்னேன். ஒங்க மாமாவும் கேட்டாக, டீ குடிக்கப் போறதுக்கு எதுக்குலே வண்டிய வெட்டுதன்னு. நாளைக்குக் காலையில பெங்களூருக்கு லேபிள் லோடு போற லாரியில இதையும் ஏத்திவிடப் போறானாம். ஒங்க அப்பா கேட்டா என்ன சொல்ல?"

"அத்தை, அவுக கெளம்பி எம்புட்டு நேரமாச்சு?"

பொன்னுத்தங்கம் பதில் சொல்லும் முன்னால் ஆபீஸ் அறையில் போன் அடித்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைத்துரை ரிசீவரை எடுப்பது தெரிந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார்.  பிறகு உட்கார்ந்துவிட்டார்.

* * *

லேபிள் ஏற்றும் குட்டி யானை வேனில் வெள்ளைத்துரையும் ஊர்க்காவலனும் சொர்ணலட்சுமியும் போனார்கள். வெள்ளைத்துரை வழியெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னார். சாப்பாட்டு நேரமாம். வேலை செய்கிற பொம்பளைகள் பாதிப் பேர் கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் இருந்தார்களாம். மணிகண்டராஜ் இறக்கத்தில் வந்து, முறுக்கிய ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடியிருக்கிறான். வண்டி இரண்டு தரம் வெடித்ததாம்.

"வெடிச்சிருச்சா? வண்டியா?" என்றார் ஊர்க்காவலன்.

"சத்தம் அண்ணாச்சி, சத்தம். ஆனா அங்கன சத்தம்னா..."

 

கேட்டுக்கு முன்னால் கூட்டமாக இருந்தது. கை முழுக்கப் பட்டாசு மருந்தின் வெள்ளிச் சாயம் படிந்த பெண்கள். உள்ளே ஷெட்டுகள் எல்லாம் காலி. கதவுகள் திறந்தபடி கிடந்தன. சத்தம் கேட்டதும் வெளியே இருந்தவர்கள் ஓட, அதைப் பார்த்து உள்ளே இருந்தவர்களும் செருப்பைக்கூடப் போடாமல் ஓடியிருக்கிறார்கள். ஓடையைத் தாண்டிக் குதித்த மாரித்தாய் என்பவள் கையை ஊன்றி விழுந்துவிட்டாள். மரத்தடியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். வலது மணிக்கட்டு வீங்கி, ஒரு மாதிரி கோணியிருந்தது.

மணிகண்டராஜ் சற்றுத் தள்ளி நின்றிருந்தான். சட்டையில் ஒரு பட்டனைக் காணவில்லை. அவனுக்குப் பக்கத்தில் அந்த வண்டி.

ஊர்க்காவலன் அதைப் பார்த்தார். முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு டேங்கைப் பார்த்தார், நசுங்கலைப் பார்த்தார். குனிந்து, வெட்டி வளைத்து ஒட்டியிருந்த பின் சட்டத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"மாமா..." என்றான் மணிகண்டராஜ்.

"வேலை சுத்தம்" என்றார் அவர். "புத்திதான் இல்ல."

அதற்கு மேல் அவனோடு பேசவில்லை. நேரே மாரித்தாயிடம் போனார். "தாயி, இந்தக் கையை அசைக்காத. வண்டி இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்." வெள்ளைத்துரையும் அவருமாக அவளை ஏற்றினார்கள்.

கூட்டத்தில் இருந்து சின்னத்தாய் என்ற பெண் முன்னால் வந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மணிகண்டராஜால் தாங்கியிருக்க முடியும்.

"சின்ன மொதலாளி, ஒங்களுக்கு அது வண்டிச் சத்தம். எங்களுக்கு அது என்ன சத்தம்னு தெரியுமா? போன வருசம் எங்க அக்கா மக வேலை பாத்த எடத்துல முதல்ல சின்னதா ரெண்டு கேட்டுது. மூணாவதுதான் பெருசு. ரெண்டு கேட்டா மூணாவதுக்கு நாங்க நிக்க மாட்டோம். ஓடுவோம். எங்கன விழுவோம்னு பாக்க மாட்டோம்."

"தெரியாமப் போச்சுக்கா" என்றான் அவன். 

"தெரியாம எப்படிப் போகும்? இந்த ஊர்லதான பொறந்தீக?"

 சின்னத்தாயும் வண்டியில் ஏறி மாரித்தாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கம்பெனி போர்மேன் வந்தார். "இந்த வண்டிய இங்கன ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ரோட்டு முக்கு வரைக்கும் தள்ளிட்டுப் போங்க. இனிமே இந்தப் பக்கம் கொண்டுவராதீக."

"ஏறும்மா" என்று வண்டியிலிருந்து கூப்பிட்டார் ஊர்க்காவலன்.

"நீங்க போங்கப்பா. நான் பின்னால வாரேன்."

* * *

இரும்புக் குதிரையைத் தள்ளுவது லேசான வேலை இல்லை. ஹேண்டில் தாழ்ந்து கிடந்ததால் மணிகண்டராஜ் முதுகை வளைத்து, முகத்தைக் கிட்டத்தட்ட டேங்கில் வைத்துத் தள்ளினான். சொர்ணலட்சுமி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலிருந்து சீட்டில் கையைக் கொடுத்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு.

"நீ எதுக்குத் தள்ளுத? நான் தள்ளிக்கிடுதேன்."

அவள் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவனே பேச ஆரம்பித்தான். நிறுத்தவும் முடியவில்லை. "ஒங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன் சொர்ணம். முடிச்சிட்டுக் காட்டலாம்னு... சைலன்சர் பத்திரமா இருக்கு. ஷோவுக்கு மட்டும்தான் இந்தக் குழாய். அங்க சத்தத்தையும் பாப்பாக. நேத்துத்தான் மாட்டுனேன். லாரியில ஏத்துறதுக்கு முன்னால ஒரு தரம் ஓட்டிப் பாத்திரலாம்னு..."

"அதத்தான சொன்னேன்!" என்று வெடித்தாள் அவள். "இந்தக் குழாய மாட்டுனா கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற மெயின் ஜெட்ட மாத்தணும், மாத்தாம ஓட்டுனா மூடும்போது வெடிக்கும், ஒங்க ஊர்ல ஓட்டவே ஓட்டாதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!"

வண்டி நின்றது.

அவன் நிமிர்ந்து திரும்பினான். "எப்பச் சொன்ன?"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நீ எப்பச் சொன்ன? மெயின் ஜெட்டுன்னா என்னன்னு ஒனக்கு..." அவன் பேச்சு பாதியில் அறுந்தது. அவளை மேலிருந்து கீழாக, முதல் தடவை பார்ப்பவன் மாதிரி பார்த்தான். உண்மையில் அதுதான் முதல் தடவை. "அடைகாக்குற கோழின்னு எழுதுனது..."

"நான்தான்."

தண்ணி லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்கியதும் அவன்தான் கேட்டான்.

"அப்ப நான் எழுதுனது அம்புட்டையும் படிச்சியா?"

"எனக்குத்தான எழுதுனீக."

"ஒனக்கா எழுதுனேன்? ஏதோ ஒரு ஆளுன்னு நெனச்சில்ல எழுதுனேன்! மாசம் பூரா என்னைய ஆட வச்சு வேடிக்கை பாத்திருக்க."

"வண்டி ஷெட்டுல சும்மா நிக்குன்னு போன்ல சொன்னது யாரு? எங்க அப்பா வண்டிய வெட்டிட்டு, சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீகளே!"

"நீ புல்லட் ஓட்டுவேன்னு எங்கிட்டச் சொன்னியா?"

"கேட்டீகளா?"

"கேட்டாத்தான் சொல்லணுமா?"

 அம்மா சொன்னாள் என்று சொல்லலாம். ஐந்து மாதத்துக்கு அந்தச் சாக்கு போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

"சொல்லிருக்கணும்" என்றாள். "பயமா இருந்துச்சு. நான் வாயத் தெறந்து, ஒங்களுக்குப் பிடிக்காமப் போயிட்டா? ரிங் ஸ்பேனர் என்ன சொன்னாலும் நீங்க அடுத்த நாளும் வந்து நின்னீக. சொர்ணலட்சுமி சொன்னா நிப்பீகளான்னு எனக்குத் தெரியல."

அவன் டேங்கின் மேல் கையை வைத்தபடி நின்றான். வெயிலில் இரும்பு சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

"பெங்களூர்ல அந்த ஆளப் பாக்கலாம்னு இருந்தேன்" என்றான் மெதுவாக. "எப்படியும் வருவாருன்னு நெனச்சேன். வந்தா வண்டிய முதல்ல அவருகிட்டக் காட்டணும்னு..."  சிரிக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவளுக்கு அவன் மேல் ஓடிவந்த இரக்கத்தை அவளே விரும்பவில்லை. மாரித்தாயின் கோணிய கை கண்ணுக்குள் நின்றது. "தள்ளுங்க" என்றாள். "அந்தப் பொம்பளைக்கு என்னாச்சுன்னு பாக்கணும்."

ரோட்டு முக்கில் ஒரு பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோவில் ஆளுக்கு ஒரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

* * *

மாரித்தாயின் கையில் மாவுக்கட்டு போட்டு முடித்திருந்தார்கள். எலும்பு முறிவுதான். குணமாகிவிடும், ஆனால் சீசன் முடிகிற வரை அந்தக் கை வேலைக்கு ஆகாது. வெள்ளைத்துரை மருந்துச் சீட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். சின்னத்தாய் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள்.

மணிகண்டராஜ் கட்டிலருகே போய்க் கைகூப்பினான். "தப்புதாங்க்கா. வைத்தியத்துக்கும் வீட்டுக்கும் நாங்க..."

"அத ஒங்க அப்பா அப்பவே சொல்லிட்டாக" என்று மறித்தாள் சின்னத்தாய். "அது இவ ஒருத்திக்கு. ஓடுனது நாங்க எல்லாரும். உள்ள மருந்து செலுத்திக்கிட்டு இருந்தவ கை இன்னும் நடுங்குது. அந்தக் கையோட நாளைக்கு எப்படி உக்காருவா? நாளைக்குக் காலையில வேலைக்கு ஏறுறதுக்கு முன்னால நீங்க கேட்டுக்கு வரணும். எல்லாரு முன்னாலயும் நின்னு, இனிமே இந்தச் சத்தம் இந்த ரோட்டுல கேக்காதுன்னு ஒங்க வாயால சொல்லணும்."

"வருவான்" என்றார் வெள்ளைத்துரை, யோசிக்காமல்.

மணிகண்டராஜ் அப்பாவைப் பார்த்தான். "நாளைக்குக் காலையிலதான்ப்பா லாரி. வண்டிய ஏத்திவிட்டு நானும் அதுலதான் போகணும்."

பிறகு சின்னத்தாயிடம் திரும்பினான்.

"போயிட்டு வந்து நிக்கேனே. திங்கக்கிழமை..."

"அப்ப நாங்களும் திங்கக்கிழமையே ஏறிக்கிடுதோம்" என்றாள் சின்னத்தாய். சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்த மற்றப் பெண்களிடம் போய்விட்டாள். தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரத்தில் அந்தக் கேட்டு நான்கு நாள் மூடிக்கிடந்தால் என்ன ஆகும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்காரர் பழியை லேபிள் அடிக்கிறவர் மேல்தான் போடுவார் என்பதும் தெரியும். வெள்ளைத்துரை சுவரோரம் சாய்ந்து நின்றார். ஒரே பகலில் வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது.

வராந்தாவில் ஊர்க்காவலன் மகளைத் தனியே கூப்பிட்டார்.

"கெளம்பு தாயி. கடைசி பஸ்ஸு வரைக்கும் நிக்க வேண்டாம்."

"எங்கப்பா?"

"நம்ம வீட்டுக்கு. வண்டிய வெட்டுனதுக்காகச் சொல்லல. குடுத்த பெறகு அது அவரு வண்டி. ஆனா ஒரு மாசம் ஒளிச்சு வச்சாரு பாரு, அது சரியில்ல. இன்னைக்கு இத ஒளிச்சவரு நாளைக்கு எத ஒளிப்பாரு?"

"நானும் ஒளிச்சேன்ப்பா." சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிரவுசிங் சென்டர், ரிங் ஸ்பேனர், மெயின் ஜெட். "எனக்கு முன்னாலேயே தெரியும். ஒங்ககிட்டயும் சொல்லல."

 கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்து நான் என்ன நியாயம் சொல்ல? நீ வாரியா, அந்த வீட்டுக்குப் போறியா?"

"ரெண்டும் இல்லப்பா. மாரித்தாயக்கா வீட்டுல பெரியவுக யாரும் இல்லையாம். புருஷன் சரக்கு லாரியில வெளியூர் போயிருக்காரு. இன்னைக்கு நான் இங்கன இருக்கேன். ஒரு வாய் சோறு ஊட்டணும்னாலும் ஆள் வேணும்ல."

அவர் பழத்தட்டை அவள் கையில் கொடுத்தார். புருஷன் வீட்டுக்கென்று வாங்கியது, அவசரத்தில் யார் கையிலும் சேராமல் அவரோடேயே நாள் முழுக்க வண்டியில் அலைந்து வந்திருந்தது. "அந்தப் பிள்ளைக்கு உரிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு, சம்பந்தியைத் தேடிக்கொண்டு போனார்.

வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. மாரித்தாய்க்கு ஆரஞ்சுச் சுளை ஒன்றை உரித்துக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வார்டு வாசலில் மணிகண்டராஜ் நின்றிருந்தான். உள்ளே வரவில்லை. கண்ணால் கூப்பிட்டான். அவள் எழுந்து போனாள்.

"லாரிக்காரன் போன் பண்ணிட்டான். விடியும் முன்னால லோடு ஏத்திருவானாம். வண்டி வருதா இல்லையான்னு இப்பச் சொல்லணுமாம்." கை விரல்களை மாறி மாறிச் சொடுக்கிக்கொண்டான். "நாலு வருசமா இதுக்காக அலைஞ்சிருக்கேன் சொர்ணம். ஒனக்குத் தெரியும். வேற யாரவிடவும் ஒனக்குத்தான் தெரியும். நீ சொல்லு. நான் என்ன செய்யட்டும்?"

இந்த ஒரு மாதமும் அவன் கேட்டதற்கெல்லாம் அவள் உடனே பதில் சொல்லியிருக்கிறாள். கூம்பு எவ்வளவு குறைய வேண்டும், ஹேண்டில் எவ்வளவு இறங்க வேண்டும். இப்போதும் பதில் நாக்கு நுனியில் நின்றது. போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை. சொன்னால் கேட்பான். கேட்டுவிட்டு, நாளைக்கு அந்தக் கேட்டு முன்னால் அவள் சொன்னதற்காகப் போய் நிற்பான்; அவனாக நின்றதாக இராது.

"வண்டியப் பத்திக் கேளுங்க, சொல்றேன்" என்றாள். "இது வண்டி இல்ல."

 அவன் திரும்பி நடந்தான். படிக்கட்டில் இறங்குகிற காலடி கேட்டது, பாதியில் நின்றது, பிறகு வேகமாக இறங்கியது.

சொர்ணலட்சுமி கட்டிலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மாரித்தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன மொதலாளி போயிட்டாகளா தாயி?"

"போயிட்டாரு."

"எங்க? லாரிக்கா?"

சொர்ணலட்சுமி அடுத்த சுளையின் மேல் தோலை மெல்ல உரித்து, கொட்டையை எடுத்துவிட்டு, அவள் இடது கையில் வைத்தாள்.

"தெரியலக்கா" என்றாள். "நீங்க சாப்பிடுங்க."